உன் விண்ணப்பமும் ஒரு பூசணிக்காயும்

நெல்லிப்பாடி,
26.2.1979

கர்த்தருக்குள் அன்பான மகன் செல்லத்துரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் தங்கை சுகந்தியும் சுகமாக இருக்கிறோம், உன் அப்பா இருமலோடு சுகமாக இருக்கிறார். பிலாய் இரும்பாலையில் உன் சுகம் எப்படி, உலைப்புகை நெஞ்சில் இறங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, இரவில் சோறா அந்தக் காய்ந்த ரொட்டியா, அதை முதலில் எழுது. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். முதலாவதில் திட்டு மட்டும்தான் இருந்தது, இரண்டாவதில் அழுகை மட்டும்தான் இருந்தது. இது மூன்றாவது, இதில் விஷயமும் இருக்கிறது, அதனால் பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி. இங்கே சம்பா அறுப்பு முடிந்தது. கூலி கூட்டிக் கேட்டுச் சங்கத்து ஆட்கள் நாலு நாள் வயலில் இறங்கவில்லை, ஐந்தாம் நாள் வேதமாணிக்கம் பிள்ளை லாரி வைத்து வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார், லாரியை மறித்ததற்கு உன் அப்பாவையும் இன்னும் ஏழு பேரையும் கீழ்வேளூர் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள், இருமல் அங்கிருந்து வந்ததுதான். ஊரில் சூரியன் போய் இலை வந்து இரண்டு வருஷமாகப் போகிறது, சுவரில் சுண்ணாம்பு மாறியது, பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கிற போலீஸ் ஜீப் மாறவில்லை. சுகந்தி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்ஜீப்ராவில் மட்டும் உன்னைப் போலவே மந்தம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரியில் சேரப் போகிறேன், போதகர் ஆசீர் ஐயா சிபாரிசுக் கடிதம் தயாராக வைத்திருக்கிறார், ஞானஸ்நானச் சான்றிதழும் பெற்றோர் சம்மதக் கையெழுத்தும் வாங்கி அனுப்புங்கள், மார்ச் முப்பத்தொன்று கடைசித் தேதி என்று எழுதியிருந்தாய். அழைப்பு வந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். எப்போது வந்தது என்று நான் தேதி போட்டுப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதத்தில் ஸ்டோர்கீப்பர் பரீட்சையும், கம்பளி வாங்கியதும், பெயர் புரியாத ஒரு இந்தி சினிமாவும்தான் இருந்தன, கர்த்தருக்கு ஒரு வரிகூட இடமில்லை. ஜனவரி பதினான்காம் தேதி ஆசீர் ஐயா உனக்குக் கடிதம் போட்டிருக்கிறார், ஜெபத்தில் உன் முகம் தெரிந்தது, உன் செலவெல்லாம் ஓர் அறநிலையம் பார்த்துக்கொள்ளும் என்று. இருபத்தெட்டாம் தேதி உனக்கு அழைப்பு. பெரிய பெரிய ஊழியக்காரர்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் பிடிகொடுக்காத அழைப்பு, உனக்கு மட்டும் கீழ்வேளூர் தபால் முத்திரையோடு பதினாலு நாளில் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தோடு சேர்க்க நீ எழுதிய சாட்சிக் கட்டுரையை, அம்மா பி.ஏ. படித்தவள் திருத்திக் கொடுப்பாள் என்று நம்பி அனுப்பினாய் அல்லவா, திருத்துகிறவள் பிழையைச் சொல்லத்தான் செய்வாள். அதில் "தாழ்மையான பாத்திரம்" என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். நம் வீட்டு அடுப்படியில் மொத்தமே ஆறு பாத்திரம்தான். அதை விடு. இரண்டாம் பக்கத்தில், "சிறு வயதில் நாங்கள் பசியில் வாடியபோது கஞ்சி ஊற்றிக் காத்த வேதமாணிக்கம் பிள்ளை ஐயா அவர்கள்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எந்த நாள் அது, சொல். உனக்குப் பதினோரு வயது, அப்பா திருச்சி ஜெயிலில் நாற்பது நாள் இருந்த நாட்கள்தானே. அப்போது பிள்ளை வீட்டிலிருந்து நம் வாசலுக்கு வந்தது கஞ்சி அல்ல, காரியக்காரர். பண்ணை மனையைக் காலி பண்ணு என்று சொல்ல வந்தார். அரிசி கொண்டுவந்தது நாகூரிலிருந்து சைக்கிளில் துணி விற்க வருவாரே மூஸா பாய், அவர். துணிமூட்டைக்குள் அரிசியை மறைத்துக் கொண்டுவந்து, "பிள்ளைங்களுக்கு வடிச்சுப் போடும்மா, யாருகிட்டயும் சொல்லிக்காத" என்று இரண்டு தடவை வைத்துவிட்டுப் போனார். நீ அந்தச் சோற்றைத்தான் தின்றாய். இப்போது அந்தப் புண்ணியத்தை எடுத்து எவன் தலையில் கட்டுகிறாய் பார். இந்த வரியை நீயாக எழுதினாயா, எழுதச் சொல்லி மாதிரி அனுப்பினார்களா, எனக்குத் தெரிய வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நம் சபையில் அறுப்பின் பண்டிகை. நானும் சுகந்தியும் போனோம், அப்பா எப்போதும்போல வரவில்லை. நம்மிடம் வைக்க வேறு இல்லை, முட்டையிடுகிற கறுப்புக் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுபோய்ப் பலிபீடத்துக்குக் கீழே மேசையில் வைத்தேன். பொன்னுத்தாய் முறத்தில் பயறு கொண்டுவந்தாள், யார் யாரோ வாழைத்தார், கீரைக்கட்டு. பிள்ளை வீட்டிலிருந்து வழக்கப்படி ஒரு பூசணிக்காய், வண்டிச் சக்கரம் அளவுக்கு, மேலே குங்குமக் கலரில் ரிப்பன் கட்டி. ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பாய். ஏலம் எடுத்ததை எடுத்தவர் திரும்பக் காணிக்கையாக வைத்தால் மறுபடி ஏலம் விடலாம் என்பது நம் கோயில் சட்டம். பிள்ளை தன் பூசணிக்காயைத் தானே கேட்டு எடுத்தார், எல்லாரும் கை தட்டினார்கள். திரும்ப வைத்தார், அவருடைய மைத்துனர் எடுத்தார், கை தட்டினார்கள். மைத்துனர் திரும்ப வைத்தார், மறுபடி பிள்ளையே எடுத்தார், ஆசீர் ஐயா எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். மூன்று தடவை ஆண்டவருக்குப் படைத்த பூசணிக்காய் கடைசியில் எங்கே போனது தெரியுமா, பிள்ளையின் பண்ணையாள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அவர் வில்வண்டியிலேயே ஏற்றினான். என் கோழியை அவர்கள் வீட்டுச் சமையல்காரன் எடுத்தான், அது திரும்ப மேசைக்கு வரவில்லை, நேரே குழம்புக்குப் போனது. ஏலம் முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் பிள்ளை கையைத் தூக்கி நிறுத்தினார். தன் குடும்பத்துச் சொத்தில் ஆறு வேலி நிலம், அதாவது நாற்பது ஏக்கர், ஊழியர்களைப் படிக்க வைக்கும் அறநிலையத்துக்கு எழுதி வைத்திருப்பதாகவும், அந்த அறநிலையத்தின் சார்பில் இந்த வருஷம் அறுப்பின் காணிக்கையாக ஒரு மனுஷனையே கர்த்தருக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். யார் அந்த மனுஷன் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். "நம்ம டீச்சர் மகன் செல்லத்துரை" என்றார். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. பத்து மாதம் சுமந்து, உப்புத் தண்ணீர்க் கஞ்சியில் வளர்த்து, பி.யு.சி.க்குப் பொறையாற்றுக்கு அனுப்பியவள் நான் கோழியோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளையைத் தன் கொல்லையில் காய்த்ததைப் போல அவர் தூக்கி மேசையில் வைக்கிறார். பக்கத்தில் இருந்த பொன்னுத்தாய் என் தோளில் இடித்து, "என்ன டீச்சரு, இனிமே நீ போதகரு அம்மா, எங்களெல்லாம் தெரியுமா" என்று சிரித்தாள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை ஆள் விட்டு அழைத்தார். போனேன். இருபது வருஷமாக அந்த வீட்டில் எனக்கு உன் அப்பா பெயரை வைத்து "ஐயாவு பொஞ்சாதி" என்றுதான் பெயர். பி.ஏ. பாஸ் செய்த வருஷமும் அதுதான், நின்றபடி பேசிவிட்டு நின்றபடி திரும்புவதுதான் வழக்கம். அன்றைக்கு, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். நாற்காலி, அதுவும் முதுகு வைத்த நாற்காலி. காப்பியும் வந்தது, கொல்லைப்புறத்தில் நமக்கென்று கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடிக் கிளாஸில் அல்ல, வீட்டு வெள்ளி டம்ளரில். அந்த டம்ளரைப் பார்த்ததுமே இவருக்கு நம்மிடமிருந்து ஏதோ பெரிதாக வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் விண்ணப்பத்தை அவரே வரவழைத்து, கணக்குப்பிள்ளை கையெழுத்தில் பூர்த்தி செய்து வைத்திருந்தார். பெயர் செல்லத்துரை, பெற்றோர் தொழில் என்ற இடத்தில் "பண்ணைக் கூலி", என் வேலையைப் பற்றி மூச்சில்லை. படிப்புச் செலவை ஏற்பவர் என்ற இடத்தில் அறநிலையத்தின் ரப்பர் முத்திரை. சரி, இது வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அதோடு இன்னொரு தாள் நீட்டினார், அது டைப் அடித்தது. "எங்கள் மகன் செல்லத்துரை ஆறாம் வகுப்பு முதல் மேற்படி அறநிலையத்தின் உதவியால்தான் படித்து வந்தான் என்று பெற்றோராகிய நாங்கள் உறுதி கூறுகிறோம்." கையெழுத்துப் போடுங்கள் என்று தன் பேனாவைத் திறந்தே கொடுத்தார். ஆறாம் வகுப்பிலிருந்தா, அப்படி ஒரு அறநிலையமே நான் இப்போதுதானே கேள்விப்படுகிறேன் என்றேன். "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி டீச்சர், பையன் ஊழியத்துக்குப் போறான், ஒரு வரி முன்னபின்ன இருந்தா கர்த்தர் கோவிச்சுக்குவாரா" என்றார். உன் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். "அவன எதுக்குக் கேட்டுக்கிட்டு, நீங்க படிச்சவங்க" என்றார். படித்ததால்தான் ஐயா படித்துப் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது, விண்ணப்பத்தையும் தாளையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காப்பியைக் குடிக்கவில்லை.

விஷயம் இரண்டு நாளில் வெளியே வந்தது. தலையாரி காத்தான் கர்ணத்துக்குக் கட்டுத் தூக்குகிறவன், அவனுக்குத் தெரியாத காகிதம் இந்த ஊரில் கிடையாது. அப்பாவைப் பார்க்க வந்தவன் என்னிடம், "டீச்சரக்கா, அந்த ஆறு வேலியும் உச்சவரம்புக்கு மேல போன நெலம், சர்க்கார் எடுத்து முப்பத்திரெண்டு குடும்பத்துக்குப் பிரிச்சுக் குடுக்க லிஸ்டே போட்டாச்சு, அண்ணன் பேரு பத்தொம்பதாவது" என்றான். குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர். மார்ச் ஒன்பதாம் தேதி நாகப்பட்டினத்தில் விசாரணை. அறநிலையம் என்று ஒன்று பல வருஷமாக உண்மையிலேயே நடக்கிறது, அதில் ஏழைப் பிள்ளைகள் ஊழியத்துக்குப் படிக்கிறார்கள் என்று பிள்ளை காட்டிவிட்டால் நிலம் தப்பிவிடும், போன தடவை அதிகாரி, எங்கே ஐயா நீங்கள் படிக்க வைத்த பையன், ஒருவனைக் காட்டுங்கள் என்று கேட்டு வாய்தா போட்டிருக்கிறார். புரிகிறதா துரை? அந்த ஒருவன் நீ. அதுவும் லிஸ்டில் பெயர் இருக்கிற கூலிக்காரன் மகனாகப் பார்த்துப் பிடித்தால் எதிர்த்துப் பேச ஆளே இருக்காது என்று கணக்கு. இதைக் கேட்ட உன் அப்பா கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "நம்ம புள்ளையவே வேலிமுள்ளா வெட்டி நம்ம நெலத்த அடைக்கிறானுவ" என்றார், அவ்வளவுதான், வெளியே போய்விட்டார். ஆண்டவருக்குக் கொடுத்த அந்த நாற்பது ஏக்கரில் இந்தச் சம்பாவும் பிள்ளை களத்துக்குத்தான் போனது. பூசணிக்காய் மாதிரியேதான். மேசையில் வைத்ததும் அவர், எடுத்ததும் அவர், வண்டியும் அவருடையது, கை தட்டியது மட்டும் நாம்.

ஆசீர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். புயலில் பறந்த அவர் வீட்டுக் கூரைக்குப் பிள்ளை புது ஓடு போட்டுக் கொடுத்திருக்கிறார், அந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து, "அம்மா, கர்த்தர் எந்தக் கையை வேணும்னாலும் எடுத்து உபயோகிப்பார்" என்றார். உபயோகிக்கட்டும் ஐயா, அந்தக் கை முப்பத்திரண்டு வீட்டுச் சோற்றுப் பானைக்குள் போகாமல் இருந்தால் சரி என்றேன். முகம் சுண்டிவிட்டது. நம் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள், உங்களை மாதிரி விவரமானவர்கள் அங்கே போனால் ஆசீர்வாதமாக இருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேதாரண்யத்தில் உப்பும் காற்றும் எனக்கு ஒத்துக்கொள்ளும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, வீட்டுக்கு வரும் வரை அதே யோசனைதான். அப்பாவை இந்த இருமலோடு விட்டுவிட்டு, பரீட்சை எழுதுகிற பெண்ணை விட்டுவிட்டு நான் அங்கே போய் என்ன செய்வேன். மாற்றலோடு விடுவார்களா, வேலையையே எடுப்பார்களா, அதுவும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயசில் எனக்கு முன்நெற்றியில் நரை வந்துவிட்டது, சுகந்தி பிடுங்கி எடுக்கிறாள்.

நீ ஒன்று நினைப்பாய், அம்மாவுக்கு ஊழியம் என்றாலே இளக்காரம், அப்பாவின் சங்கப் பேச்சு தொற்றிக்கொண்டது என்று. அப்படியில்லை. தரங்கம்பாடி போர்டிங்கில் ஆறு வருஷம் வேதபாடத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான். அந்த வயதில் இறையியல் கல்லூரி எனக்கும் ஆசைதான். பெண்பிள்ளைக்கு அது இல்லை, வேண்டுமானால் வெள்ளைச் சேலை கட்டி வீடு வீடாகப் போகலாம் என்று சிரித்தார்கள், பதினேழில் கல்யாணம் ஆனது, பதினெட்டில் நீ வந்தாய், பிறகு உன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் என் தபால் வழிப் பாடத்தையும் வைத்துத்தான் பி.ஏ. முடித்தேன். அந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் அதை ரிப்பன் கட்டிக் கொடுப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உனக்கு வந்தது நிஜமான அழைப்பா, வெல்டிங் ஷாப் சூட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழியா, அது உனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், பிள்ளை இல்லாவிட்டாலும் நீ போவாயா என்பது.

அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த டைப் அடித்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடமாட்டேன், அப்பாவும் போடமாட்டார். கணக்குப்பிள்ளை பூர்த்தி செய்த விண்ணப்பமும் அந்தத் தாளும் என் பெட்டியில் இருக்கின்றன, ஒன்பதாம் தேதி அப்பாவும் நானும் நாகப்பட்டினம் போகிறோம், இரண்டையும் அதிகாரி மேசையில் வைத்து, எங்கள் மகன் அந்த அறநிலையத்தின் பருக்கை ஒன்றுகூடத் தின்றதில்லை என்று சொல்லப் போகிறோம். இந்தக் கடிதம் உனக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிடும், ஆனால் என்னைத் தடுக்க எழுதினால் அந்தப் பதில் வருவதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். தாமதமாக எழுதியதில் அந்த லாபம் இருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டேன், மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார். ஊர்ச் சபைச் சிபாரிசு கட்டாயமில்லை, மாணவன் இப்போது நற்கருணை எடுக்கிற சபையின் போதகர் கொடுத்தால் போதும், பிலாய் தமிழ்ச் சபையே போதும் என்கிறார். வெற்று விண்ணப்பம் ஒன்றும் அனுப்பினார், இதோடு வைத்திருக்கிறேன். உன் ஞானஸ்நானச் சான்றிதழும் இருக்கிறது, அதை ஆசீர் ஐயாவிடம் அப்பாவை வாசலில் நிற்க வைத்து நான் உட்கார்ந்தே வாங்கினேன், ரெஜிஸ்டரைத் தேட ஒரு மணி நேரம் ஆக்கினார், நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்பா போடுவார் என்று நான் நினைக்கவில்லை. "போறதுன்னா நம்ம காலால போவட்டும்" என்று சொல்லிப் போட்டார். மற்ற இடங்களை நீ உன் கையாலேயே எழுது. சாட்சிக் கட்டுரையை முதலிலிருந்து எழுது, பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடு, மூஸா பாய் பெயரை எழுது, கிறிஸ்தவக் கல்லூரியில் அதை ஏற்பார்களோ என்று பயப்படாதே, ஏற்காத கல்லூரியில் நீ படிக்க வேண்டாம். படிப்புச் செலவை ஏற்பவர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுது, எப்படி என்று கேட்காதே. எல்லாம் யோசித்து, இது நமக்கு ஆகாது, ஸ்டோர்கீப்பர் பரீட்சையே எழுதுகிறேன் என்று தோன்றினால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. பெற்றோர் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. அப்பாவுக்கு "விவசாயி" என்று மையால் எழுது, ஏக்கர் வந்தாலும் வராவிட்டாலும் அதுதான். என் பெயருக்கு நேரே "ஆசிரியை" என்பதை மட்டும் பென்சிலால் எழுதி வை, ஒன்பதாம் தேதிக்குப் பிறகு நான் தந்தி கொடுத்ததும் மையால் எழுதலாமா அழிக்கலாமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் காத்து, உனக்கு நல்ல புத்தியையும் வயிறு நிறையச் சோற்றையும் தருவாராக. வெந்நீர் போட்டுக் குளி, குளிர் போய்விட்டது என்று கம்பளியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. சுகந்தி உன்னிடம் ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டிருந்தாள், மறந்துவிடாதே.

உன் பிரியமுள்ள அம்மா,
ஐ. கிருபாவதி, பி.ஏ.